முதல் கிலோமீட்டர்



புதுச்சேரி நகரைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு சாலை செல்கிறது. பிரெஞ்சுக்காரர் அதனைப் புல்வார் என்றனர். வடக்கே அது சர்தார் வல்லபபாய் படேல் சாலை; மேற்கே அண்ணா சாலை; தெற்கே சுப்பையா சாலை; கிழக்கே கடலை ஒட்டிச் செல்லும்போது கூபேர் சாலை, அதாவது நாம் எல்லோரும் கடற்கரைச் சாலை என்று அழைப்பது. மாலை முதல் மறுநாள் காலை வரை இந்தக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் செல்லத் தடை உண்டு. ஆதலால் விடியற்காலையில் அது முழுவதும் நடப்பவர்க்கும் ஓடுபவர்க்கும் உரியதாகிவிடுகிறது. பழைய கலங்கரை விளக்கத்தின் அருகே, காந்தியடிகள் சிலையின் முன்னால், சில ஞாயிற்றுக்கிழமைகளில் மார்பில் எண் குத்திய இளைஞர் கூட்டத்தைக் காணலாம். ஒரு முறை காவல்துறை நடத்தும் ஓட்டம். ஒரு முறை ஏதேனும் கல்லூரி நடத்தும் ஓட்டம். இரத்ததானம், போதை ஒழிப்பு என்று ஏதேனும் ஒரு நற்பணியின் பெயரால் நடக்கும் ஓட்டம். தொலைவு பெரும்பாலும் ஐந்து கிலோமீட்டராக இருக்கும்.

அறிவிப்புப் பலகையில் மட்டும் "மாரத்தான்" என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். ஆசிரியனாக இருந்தவனுக்கு இதைத் திருத்தாமல் செல்ல மனம் வராது. மாரத்தான் என்பது 42 கிலோமீட்டர் 195 மீட்டர். 1896-இல் ஏதென்ஸ் நகரில் முதல் ஒலிம்பிக் விளையாட்டு நடந்தபோது அத்தொலைவு ஏறத்தாழ 40 கிலோமீட்டராக இருந்தது. கிரேக்க நாட்டு ஸ்பிரிடோன் லூயிஸ் வென்றார். 1908-இல் இலண்டனில் 42.195 கிலோமீட்டர் ஓடினர். அதுவே 1921-இல் உலகத்துக்கெல்லாம் பொது அளவாயிற்று. ஐந்து கிலோமீட்டரை மாரத்தான் என்பது குளத்தைக் கடல் என்பது போன்றதே. ஆயினும் குளத்திலும் மூழ்கியவர் உண்டு. ஆதலால் இந்தச் சிறிய ஓட்டத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

யாருக்காக? முதலாவதாக வருபவருக்காக அன்று. அவருக்குப் பயிற்சியாளர் இருப்பார். காலணி வாங்கித் தருபவரும் இருப்பார். கூட்டத்தின் நடுவிலும் கடைசியிலும் ஓடுகின்ற உங்களுக்காகவே பேசுகிறேன். தொழிலாக அல்லாமல் விருப்பத்துக்காக விளையாடுபவரை அமெச்சூர் என்கிறோம். இது பிரெஞ்சு மொழியிலிருந்து உலகெங்கும் பரவிய சொல். அதன் வேர் இலத்தீன். பொருள், அன்பு செய்பவர் என்பது. பிற்காலத்தில் "அரைகுறையாகச் செய்பவர்" என்ற பொருளும் அதற்கு வந்து சேர்ந்தது. அந்தப் பொருளை நாம் ஏற்க வேண்டியதில்லை. விருப்பத்தால் ஓடுபவரும் அறிவோடு ஓடலாம்.

அந்த அறிவில் பெரும்பகுதி முதல் கிலோமீட்டரைப் பற்றியது.

ஓட்டம் தொடங்கும் காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். கொடி அசைகிறது. இருநூறு பேர் ஒரே மூச்சாகப் பாய்கின்றனர். முன்னால் ஓடுபவரின் முதுகைப் பார்த்துப் பின்னால் இருப்பவர் ஓடுகிறார். அவரைப் பார்த்து இன்னொருவர். நண்பர்கள் ஓரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூவுகின்றனர். கால் தரையில் படுவதே தெரியவில்லை. "இன்று நான் எவ்வளவு நன்றாக ஓடுகிறேன்!" என்று தோன்றுகிறது. மூன்று நிமிடம் கழித்து மூச்சு முட்டுகிறது. இரண்டாவது கிலோமீட்டரில் விலாவில் குத்தல். மூன்றாவதில் நடை.

ஏன் இப்படி நேர்கிறது? உடல் பொய் சொல்லுகிறதா? பொய் அன்று, உண்மையைச் சற்றுத் தாமதமாகச் சொல்லுகிறது. தசை சுருங்குவதற்கு ஆற்றல் வேண்டும். ஓடத் தொடங்கிய முதற் சில நொடிகளுக்கு வேண்டிய ஆற்றல் தசைக்குள்ளேயே கையிருப்பாக உள்ளது. அது தீர்ந்ததும் தசையில் உள்ள சர்க்கரை உதவிக்கு வருகிறது. பிராணவாயு, அதாவது இன்றைய பாடநூல்கள் சொல்லும் ஆக்சிஜன், போதிய அளவில் வந்து சேருமுன் அச்சர்க்கரை அரைகுறையாகவே சிதைகிறது. ஆக்சிஜனோடு முழுமையாக எரிந்தால், அதே சர்க்கரை ஏறத்தாழப் பதினைந்து மடங்கு ஆற்றல் தரும். ஆனால் நுரையீரலும் இதயமும் விரைந்து தம் முழு வேலைக்கு வந்து சேர இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகின்றன. அதுவரை உடல் கடன் வாங்கி ஓடுகிறது. தசையின் வெப்பத்தை ஆராய்ந்து 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்ற ஆங்கில அறிஞர் ஏ. வி. ஹில் இதற்கு "ஆக்சிஜன் கடன்" என்றே பெயரிட்டார். கடன் வாங்கும்போது இனிக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அளவான வேகத்தில் தொடங்கியவரின் கடன் சிறியது; ஓடிக்கொண்டே அதைச் சுமந்துவிடலாம். பாய்ந்து தொடங்கியவரின் கடனோ கந்துவட்டிக் கடன்.

எங்கள் ஆசிரியப் பயிற்சிக் காலத்தில், தசையில் சேரும் லாக்டிக் அமிலம் ஒரு கழிவு, அதுவே களைப்புக்கும் மறுநாள் வலிக்கும் காரணம் என்று பாடம் நடத்தினார்கள். இன்றைய ஆராய்ச்சி அப்படிச் சொல்வதில்லை. லாக்டேட் என்பது இதயமும் பிற தசைகளும் எடுத்து எரிக்கும் எரிபொருள் என்றும், ஓட்டம் முடிந்த ஓரிரு மணி நேரத்துக்குள் அது இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது என்றும் கண்டுள்ளனர். மறுநாள் வரும் வலி தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது. காரணத்தைப் பற்றிய விளக்கம் மாறிற்று; பாய்ந்து தொடங்கினால் கால் கனத்துப்போகும் என்ற பட்டறிவு மாறவில்லை.

கணக்காகப் பார்ப்போம். ஒரே திறமையுள்ள இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரு கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓடி, 27 நிமிடம் 30 நொடியில் ஐந்தையும் முடிக்கக் கூடியவர்கள். முதல்வர் கூட்டத்தோடு பாய்ந்து முதற் கிலோமீட்டரை 4 நிமிடம் 30 நொடியில் ஓடுகிறார். அடுத்தது 5.15. பிறகு 6 நிமிடம், 6.30, கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு 6.20. கூட்டினால் 28 நிமிடம் 35 நொடி. இரண்டாமவர் 5.40-இல் தொடங்கி, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஐந்து நொடி குறைத்து 5.35, 5.30, 5.25 என்று ஓடி, கடைசிக் கிலோமீட்டரை 5.15-இல் முடிக்கிறார். மொத்தம் 27 நிமிடம் 25 நொடி. முதற் கிலோமீட்டரின் முடிவில் இவர் அவருக்கு 1 நிமிடம் 10 நொடி பின்னால் இருந்தார். இறுதியில் அதே 1 நிமிடம் 10 நொடி முன்னால் இருக்கிறார். எண்களை எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்தேன். ஆனால் நிறுத்து கடிகாரத்தோடு பல ஆண்டுகள் பள்ளி மைதானத்தில் நின்ற எவருக்கும் இந்த இரண்டு மாணவர்களையும் தெரியும்.

பின்லாந்து நாட்டு பாவோ நூர்மி இதை நன்கு உணர்ந்தவர். 1924-இல் பாரீசு ஒலிம்பிக்கில் ஐந்து தங்கப் பதக்கங்கள் வென்ற அவர், கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டே ஓடுவார். பக்கத்தில் ஓடுபவரை அவர் அதிகம் பார்ப்பதில்லை, கடிகாரத்தையே பார்ப்பார். வள்ளுவர் பொருட்பாலில் "வலியறிதல்" என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே அரசனுக்குச் சொன்னது, ஓட்டக்காரனுக்கும் அப்படியே பொருந்துகிறது.

பிரெஞ்சு ஆட்சியின் நினைவு நீங்காத இந்த நகரில், அதே ஆட்சியின் கீழ் இருந்த மற்றொரு நாட்டில் பிறந்த ஓர் ஓட்டவீரரைப் பற்றிச் சொல்வது பொருந்தும். அவர் பெயர் ஆலன் மிமூன். அல்ஜீரியாவில் 1921-இல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்தபோது, 1944-இல் இத்தாலியின் மோன்டே கசினோவில் அவர் கால் கடுமையாகக் காயமுற்றது. அதை வெட்டி நீக்க வேண்டிய நிலை வந்து, எப்படியோ தப்பியது. அந்தக் காலோடு அவர் ஒலிம்பிக்குக்குச் சென்றார். 1948-இல் பத்தாயிரம் மீட்டரில் இரண்டாமிடம். 1952-இல் ஐயாயிரம், பத்தாயிரம் இரண்டிலும் இரண்டாமிடம். மூன்று முறையும் முன்னால் சென்றவர் ஒருவரே: செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஜாடோபெக். வேறொருவராக இருந்தால் மனம் கசந்திருப்பார். இவர்கள் இருவரோ நண்பர்களாயினர்.

1956 மே 28 அன்று புதுச்சேரியை இந்தியாவிடம் சட்டப்படி ஒப்படைக்கும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று மெல்போர்னில் மிமூன் தம் வாழ்நாளின் முதல் மாரத்தானை ஓடினார். வயது 35. வெயில் கடுமை. முன்னணிக் கூட்டத்தோடு கூட்டமாக ஓடி, ஏறக்குறையப் பாதி வழியில்தான் அவர் பிரிந்து முன்னேறினார். 2 மணி 25 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். வந்தவர் ஓய்வறைக்குப் போகவில்லை. ஜாடோபெக்குக்காக எல்லைக்கோட்டருகே காத்து நின்றார். ஆறாவதாக வந்து சேர்ந்த ஜாடோபெக், நண்பர் வென்றதை அறிந்ததும் தொப்பியை எடுத்து வணங்கி அவரைத் தழுவிக்கொண்டார்.

இனி, வெப்பத்தைப் பற்றிப் பேச வேண்டும். இதுவே நம் ஊருக்கு மிகவும் உரிய பகுதி. ஐரோப்பியர் எழுதிய பயிற்சி நூல்களில் இதற்கு அரைப்பக்கமே கிடைக்கும். அவர்களுக்குக் குளிர் பகை. நமக்கு வெப்பமும் கடற்காற்றின் ஈரமும் பகை.

மறுபடியும் ஒரு கணக்கு. 60 கிலோ எடையுள்ள மாணவர் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு ஏறத்தாழ 60 கிலோகலோரி செலவாகிறது. ஐந்து கிலோமீட்டருக்கு 300. இதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே உடலை நகர்த்தும் வேலையாகிறது. மீதி 240 கிலோகலோரியும் வெப்பமாக வெளிப்படுகிறது. அவர் உடலின் வெப்பநிலை ஒரு பாகை உயர ஏறக்குறைய 50 கிலோகலோரி போதும். அப்படியானால் அந்த வெப்பம் முழுவதும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் என்ன ஆகும்? 37 பாகையில் இருந்த உடல், அரை மணி நேரத்துக்குள் 42 பாகையை நெருங்கும். அந்த நிலையில் உயிர் தங்குவது அரிது.

நம்மைக் காப்பது வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது அரைக் கிலோகலோரிக்குச் சற்று மேலான வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நாம் கண்ட 240 கிலோகலோரியையும் போக்க அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த வியர்வை போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும். மூக்கு நுனியிலிருந்து சொட்டி மண்ணில் விழும் வியர்வை நமக்கு ஒரு பயனும் தருவதில்லை. கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வெப்பமானியில் 30 பாகை என்று இருக்கும். மதுரையில் அதே 30 பாகையில் ஓடுபவரைவிடப் புதுச்சேரியில் ஓடுபவர் அதிகம் துன்புறுவார். "சட்டை நனைந்து பிழிகிறது, எவ்வளவு நன்றாக வியர்க்கிறது!" என்று மகிழ்பவர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இது ஏட்டுக் கணக்கு அன்று. நான் பணியில் இருந்தபோது, பள்ளிகளுக்கிடையே நடந்த சாலை ஓட்டம் ஒன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். எந்த ஊர், நடத்தியவர் யார் என்பன இங்கே வேண்டா. ஏப்ரல் மாதம். ஓட்டம் காலை ஆறரை மணிக்கு என்று அறிவித்திருந்தனர். கொடியசைக்க வேண்டிய சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி எட்டேகால். அதன்பின் வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை. பிள்ளைகள் வெயிலில் வரிசையாக நின்றுகொண்டே இருந்தனர். கொடி அசைந்தபோது தார்ச்சாலை சுட்டது. வேறொரு பள்ளியின் மாணவர் ஒருவர், பதினைந்து வயதிருக்கும், முதற் கிலோமீட்டரில் எல்லோருக்கும் முன்னால் பறந்தார். நான்காவது கிலோமீட்டரில் அவரை நான் பார்த்தபோது சாலையில் கோணல்மாணலாக ஓடிக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டேன், ஏதோ தொடர்பில்லாத சொற்களை முணுமுணுத்தார். பிறகு விழுந்தார். உடல் அனலாய்க் கொதித்தது. சுற்றி நின்றவர்கள் "சோடா கொடு", "ஆட்டோ பிடி" என்று பதறினர். அருகே கரும்புச்சாறு வண்டி வைத்திருந்த அம்மையார் ஒருவர் மட்டும் ஒரு சொல்லும் பேசாமல், பனிக்கட்டிப் பெட்டியைத் தூக்கிவந்து அவர் மேல் கவிழ்த்தார். கழுத்திலும் அக்குளிலும் பனிக்கட்டியை வைத்து, முறத்தால் விசிறத் தொடங்கினார். மருத்துவமனை சென்று சேருமுன் அந்த மாணவர் கண் திறந்தார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பினார். அவரைக் காப்பாற்றியது அந்தப் பனிக்கட்டிதான் என்று மருத்துவர் என்னிடம் சொன்னார்.

மருத்துவ நூல்கள் சொல்லும் முறையும் இதுவே. ஓடுபவர் தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ, இடம் பொருள் தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத் தாக்கு என்று கொள்ளுங்கள். 108-க்குச் செய்தி சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடனே குளிரச் செய்யுங்கள். நீர்த்தொட்டி இருந்தால் கழுத்தளவு அமிழ்த்தித் தலையைத் தாங்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் நீரை ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் நீர் ஊற்றாதீர்கள். காய்ச்சல் கண்ட நாளிலும், காய்ச்சல் விட்ட மறுநாளிலும் ஓட வேண்டா. ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ முன்பு வந்ததுண்டானால், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டானால், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இவற்றை எழுதிக்கொள்ளுங்கள் என்று வகுப்பில் சொல்வதுபோல் சொல்ல விரும்புகிறேன்.

கடற்கரைச் சாலைக்குத் திரும்புவோம். அந்தச் சாலை முழுதும் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆகவே ஐந்து கிலோமீட்டர் ஓட்டமென்றால் அதில் சென்று திரும்பி, மீண்டும் சென்று திரும்ப வேண்டும். அல்லது நகரத்துக்குள் புகுந்து வரவேண்டும். திரும்பும் இடங்களில் கணிதம் தெரிந்தவருக்கு ஆதாயம் உண்டு. வளைவின் உட்புறத்தை ஒட்டி ஓடுபவரைவிட மூன்று மீட்டர் வெளியே ஓடுபவர், ஒரு முறை முழுதாகத் திரும்பும்போது ஒன்பது மீட்டருக்கு மேல் அதிகமாக ஓடுகிறார். முறைப்படி சாலையை அளப்பவர்களும் வளைவின் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, மிகக் குறுகிய வழியிலேயே அளக்கின்றனர். அதற்கு மிதிவண்டிச் சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் ஒரு சிறு கருவி உண்டு. அமெரிக்காவில் 1971-இல் ஆலன் ஜோன்ஸ் என்பவரும் அவர் மகனும் உருவாக்கியது. நாம் ஓடும் உள்ளூர் ஓட்டங்களில் பல அவ்வாறு அளக்கப்படுவதில்லை. கைப்பேசியைப் பார்த்து ஏறக்குறைய அளந்திருப்பர். எனவே "சென்ற ஆண்டைவிட ஒரு நிமிடம் முன்னேறினேன்" என்று மகிழுமுன், இரண்டு ஆண்டும் வழி ஒன்றுதானா என்று பாருங்கள்.

உட்புறம் ஒட்டி ஓடலாம் என்றேன்; கோட்டைத் தாண்டி ஓடலாம் என்று சொல்லவில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துக் கோவிந்தன் லட்சுமணன் 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐயாயிரம், பத்தாயிரம் மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றவர். 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பத்தாயிரம் மீட்டரில் மூன்றாவதாக வந்தார். ஓட்டத்தின் நடுவே ஓடுதளத்தின் உட்கோட்டுக்கு அப்பால் அவர் கால் பட்டது என்று கூறி அந்த வெண்கலத்தை நீக்கிவிட்டனர். யாரையும் ஏமாற்ற எண்ணி அவர் அப்படிச் செய்யவில்லை என்றே நான் நம்புகிறேன். ஆயினும் விதி விதிதான்.

காற்றும் ஒரு பாடம் நடத்துகிறது. "போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று, இரண்டும் சரியாகிவிடும்" என்று பலரும் எண்ணுகின்றனர். சரியாகாது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. நாம் முன்பு கண்ட மாணவரின் வேகம் ஏறத்தாழ நொடிக்கு 3 மீட்டர். காற்றும் நொடிக்கு 3 மீட்டர் வீசுகிறது என்போம். காற்றே இல்லாவிடில் தடை 9 பங்கு. எதிர்க்காற்றில் 6-இன் வர்க்கமாகிய 36 பங்கு. பின்காற்றில் ஒன்றுமில்லை. சராசரி 18, அதாவது இரு மடங்கு. இந்த வேகத்தில் காற்றின் தடை மொத்தச் செலவில் சிறு பகுதிதான். எனினும் எதிர்க்காற்றில் உங்களைவிட உயரமானவர் ஒருவரின் பின்னால் ஓடுவது தவறன்று. பின்காற்றில் வேறொரு தொல்லை உண்டு: உடலின் மேல் காற்றே படாததால் வியர்வை உலராது.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். இதுவரை ஓடாதவருக்கு எட்டு வாரம் போதும். வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஓய்வு. முதல் வாரத்தில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று அரைமணி நேரம். ஓடும் நிமிடங்களை மெல்ல வளர்த்துச் செல்லுங்கள். பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச இயலாவிட்டால் நீங்கள் விரைவாக ஓடுகிறீர்கள். மாணவர்கள் இதைக் கேட்டால் சிரிக்கின்றனர். பயிற்சி என்றால் நாக்குத் தள்ள ஓடுவது என்று எண்ணம். ஜாடோபெக் நானூறு மீட்டர்களாகப் பிரித்து விரைந்தோடும் பயிற்சியைப் பெருமளவில் செய்தவர் என்பது உண்மை. 1952-இல் ஐயாயிரம், பத்தாயிரம், மாரத்தான் மூன்றையும் ஒரே ஒலிம்பிக்கில் வென்றவர் செய்ததை, நேற்று ஓடத் தொடங்கியவர் செய்யக் கூடாது.

காலணி வேண்டுமா? எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960-இல் ரோம் நகரில் வெறுங்காலோடு மாரத்தான் வென்றார். 1964-இல் டோக்கியோவில் காலணியோடும் வென்றார். நம் நாட்டு சிவநாத் சிங்கும் வெறுங்காலோடு ஓடுவதில் பெயர் பெற்றவர். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-ஆம் இடம் பெற்றார். 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் அவர் ஓடிய மாரத்தான், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவின் சிறந்த நேரமாக நின்றது. ஆகவே காலணி வாங்க வசதியில்லை என்று எந்த மாணவரும் ஒதுங்க வேண்டா. சிறு வயது முதல் வெறுங்காலோடு ஓடிப் பழகியவர் அப்படியே ஓடலாம். வழியில் கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். காலணியில் பழகியவர் பந்தய நாளன்று அதைக் கழற்றக் கூடாது. புதுக் காலணியை அன்று முதன்முதலாக மாட்டவும் கூடாது.

மாணவியருக்குத் தனியாக ஒரு சொல். 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு எண்ணூறு மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஓடி முடித்த சிலர் களைத்துச் சாய்ந்ததைக் காட்டி, பெண் உடல் இதைத் தாங்காது என்று முடிவு கட்டினர். 1960 வரை அந்த ஓட்டத்தை மீண்டும் வைக்கவில்லை. பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1984-இல்தான். ஓடி முடித்த ஆண்களும் புல்லில் சாய்ந்துதான் கிடந்தனர். அதைக் கொண்டு யாரும் எதையும் தீர்மானிக்கவில்லை. அதே புதுக்கோட்டை மாவட்டத்தின் சூரியா லோகநாதன் 2016-இல் தெற்காசிய விளையாட்டில் ஐயாயிரம், பத்தாயிரம் மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். நம் ஊரில் இன்றும் பல வீடுகளில் "விடியற்காலையில் தெருவில் ஓடுவதாவது!" என்று தடுக்கின்றனர். தனியே அனுப்ப அஞ்சும் பெற்றோர், இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்பலாம். தாமும் உடன் நடக்கலாம்.

பந்தய நாளில் இரண்டு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்டிலியோ ஒரு வாழைப்பழமோ போதும். ஐந்து கிலோமீட்டருக்கு இடையில் நீர் அருந்தியே ஆகவேண்டும் என்பதில்லை. தாகம் இருந்தால் ஒரு மிடறு. தலையில் ஊற்றிக்கொள்வது இன்னும் நல்லது. தொடக்கக் கோட்டில் முதல் வரிசையில் நிற்காதீர்கள். அங்கே நின்றால் பின்னால் இருப்பவரின் வேகம் உங்களைத் தள்ளும். நடுவுக்கும் பின்னால் நில்லுங்கள். முதற் கிலோமீட்டரில் உங்களைக் கடந்து செல்பவரை எண்ணாதீர்கள். நான்காவதில் நீங்கள் கடந்து செல்பவரை எண்ணலாம்.

பரிசு வேண்டாதவருக்கும் ஓட்டங்கள் உண்டு. நம் நகருக்கு அருகே ஆரோவில்லின் செம்மண் பாதைகளில் 2008 முதல் மாரத்தான் நடத்தி வருகின்றனர். அதில் அரை மாரத்தானும் பத்துக் கிலோமீட்டரும் உண்டு. முதலாமவர், இரண்டாமவர் என்று மேடையேற்றும் வழக்கம் அங்கே இல்லை. ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுங்கள் என்கின்றனர். நல்ல ஏற்பாடு. ஆயினும் பதினாறு வயதில் கடிகாரமும் வேண்டும் என்பதே என் எண்ணம். 2021 டிசம்பர் 31 அன்று பார்சலோனா நகரில் எத்தியோப்பியாவின் பெரிஹு அரெகாவி சாலையில் ஐந்து கிலோமீட்டரை 12 நிமிடம் 49 நொடியில் ஓடினார். அந்த எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட வேண்டா. உங்கள் சென்ற மாத எண்ணோடு ஒப்பிடுங்கள்.

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிடாதீர்கள். இரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும். ஐந்து நிமிடமாவது நடந்துகொண்டே இருங்கள். வீட்டுக்குச் சென்று, உண்டு, ஓய்வெடுத்தபின் ஒரு குறிப்பேட்டை எடுங்கள். நாள், இடம், காற்று, வெயில் இவற்றை ஒரு வரியில் எழுதுங்கள். அதன் கீழே ஐந்து கிலோமீட்டருக்கும் ஆன நேரத்தை ஐந்து எண்களாக எழுதுங்கள். முதல் எண்ணே எல்லாவற்றிலும் சிறியதாக இருந்தால், அடுத்த ஓட்டத்தில் தொடக்கக் கோட்டிலிருந்து இன்னும் பத்து வரிசை பின்னால் போய் நில்லுங்கள்.